சிறைவாசிகளின் தோழர் ஜான் ஹோவர்டு

மக்கள் கூடி வாழத் தொடங்கிய நாள்முதற் குற்றமும் அவர்களிடையே வாழ்ந்து வருகின்றது. சட்டம் என்பது ஒரு வேலி. வேலியைத் தாண்டுவோனை ஒறுத்தல் அரசின் கடன். இவ்வளவும் யாவரும் ஒப்புவதே. ஆயினும், ஒறுக்கப்பட்டவன் அவ்வொறுப்பிடத்தினுள்ளே என்ன ஆகின்றான் என்று வினவுவோர் எக்காலத்தும் மிகச் சிலரே. கதவு சாத்தப்பட்டவுடன் ஊரார் அவனை மறந்து விடுகின்றனர். சட்டத்தை மீறியவனை அச்சட்டத்தின் பெயராலேயே அடைத்து வைக்கும் இடத்திற் சட்டமும் அறமும் நாள்தோறும் மீறப்படுமாயின், அக்குற்றத்தை யார் தலையிற் சுமத்துவது? இவ்வினாவைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுதும் கேட்கும்படி எழுப்பியவர் ஒருவர். அவர் மன்னரல்லர், வழக்கறிஞரல்லர், புலமை மிக்கவருமல்லர். ஆங்கில நாட்டுச் சிற்றூரொன்றில் நிலபுலத்துடன் வாழ்ந்த ஓர் எளிய செல்வர். அவர்தாம் ஜான் ஹோவர்டு என்பார். அவரது வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமை

ஹோவர்டு 1726-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரை அடுத்த ஊரொன்றிற் பிறந்தார். தந்தையார் மெத்தை, திரைச்சீலை முதலிய வீட்டுப்பொருள் வாணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டியவர். சமய ஒழுக்கத்தில் மிகக் கண்டிப்பானவர். அன்னையார் மைந்தனது குழவிப் பருவத்திலேயே காலஞ்சென்றார். உடல்வலி குன்றிய அச்சிறுவர் பெட்போர்டு ஜில்லாவைச் சார்ந்த கார்டிங்டன் என்னும் சிற்றூரில் வளர்க்கப்பட்டார். பள்ளியில் அவர் சிறப்பெய்தினார் என்று கூறுதற்கில்லை. தம் தாய்மொழியையே பிழையற எழுதும் ஆற்றல் அவருக்கு இறுதிவரை வாய்க்கவில்லை. அத்தகையவர் பிற்காலத்து எழுதிய நூலொன்று ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது என்பதை, இலக்கணம் பயிலும் நம்போன்றோர் மனத்திற் கொள்ளுதல் நலம்.

தந்தையார் அவரை லண்டனில் மொத்த மளிகை வணிகர் ஒருவரிடம் தொழில் பயிலும்படி விடுத்தார். 1742-இல் தந்தையார் இறக்கவே, கைவந்த செல்வத்தைக் கொண்டு அத்தொழிலினின்று விடுபட்டு அயல்நாடுகளைச் சுற்றினார். திரும்பிவந்து நோயுற்றுக் கிடந்த காலத்து, அவர் குடியிருந்த வீட்டுக்குரிய கைம்பெண் ஒருத்தி இரவுபகல் அருகிருந்து பேணினாள். தம் வயதினும் இருமடங்கு மூத்த அவ்வம்மையை நன்றி பாராட்டி அவர் மணந்துகொண்டார். சில ஆண்டுகளே அவ்வில்லறம் நிகழ்ந்தது. 1755-இல் அவ்வம்மையார் காலமானார்.

சிறையின் முதற்பாடம்

அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. துயருற்ற மக்களுக்குத் தம்மாலியன்ற உதவி புரியலாமெனக் கருதி, மனைவியை இழந்து தனித்திருந்த ஹோவர்டு ஹானோவர் என்னும் கப்பலேறிப் புறப்பட்டார். நடுவழியில் பிரெஞ்சுக் கொள்ளைக்கப்பலார் அதனைக் கைப்பற்றினர். ஏறத்தாழ நாற்பது மணிநேரம் உணவும் நீருமின்றி வருந்திய பின்னர், பிரயாணிகள் யாவரும் பிரெஸ்டு நகரத்துக் கோட்டைச் சிறையிலே தள்ளப்பட்டனர். ஆங்கே ஆட்டிறைச்சித் துண்டொன்று அவர்கள் நடுவே எறியப்பட்டது. அறுத்துண்ணக் கத்தியும் இல்லை. நாய்கள்போற் கடித்துப் பிய்த்துத் தின்றனர். ஈரத் தரையில் வைக்கோலைப் பரப்பி ஆறு இரவுகள் கிடந்தனர். தினான் என்னும் ஊரில் ஒரே நாளில் முப்பத்தாறு கைதிகளை ஒரே குழியிற் புதைத்தனர் என்ற செய்தியையும் அவர் பின்னர் அறிந்தார்.

கைதிமாற்றுதலின் மூலம் விடுதலை பெற்றுத் தாய்நாடு சேர்ந்ததும், அவர் வீட்டில் ஓய்ந்திருந்தாரில்லை. கடற்படைக் கைதிகளின் நலத்திற்குப் பொறுப்பான அதிகாரிகளை அணுகி, தம்முடன் சிறைப்பட்டோர் படும் பாட்டை எடுத்துரைத்து, அவர்தம் துன்பம் நீங்க வழிதேடினார். சிறை என்பது யாதென அவர் ஏட்டிற் கற்கவில்லை, உடம்பினாற் கற்றார். எனினும் அப்பாடம் பயன்படுதற்கு இன்னும் பதினேழு ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது.

1758-இல் ஹென்ரியட்டா என்னும் நற்குண மங்கையை அவர் மணந்தார். கார்டிங்டனில் அவ்விருவரும் வாழ்ந்த வாழ்க்கை அவ்வூருக்கே ஓர் ஒளியாயிற்று. இடிந்த குடிசைகளை அகற்றிக் காற்றும் வெளிச்சமும் புகும் சிறு வீடுகளைக் கட்டிக் குறைந்த வாடகைக்குக் குடியானவர்க்கு அளித்தனர். ஏழைச் சிறார்க்குப் பள்ளி நடத்தினர். வறுமையும் அழுக்கும் நிறைந்த இல்லத்திலே நல்லொழுக்கம் தானே முளைக்குமென எதிர்பார்த்தல் பேதைமை என்பது அவரது கொள்கை. இம்மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. 1765-இல் ஓர் ஆண்மகவை ஈன்ற சில நாட்களுக்குள் ஹென்ரியட்டா அம்மையார் இறந்தார்.

ஷெரிப் பதவி

1773-ஆம் ஆண்டில் ஹோவர்டு பெட்போர்டு ஜில்லாவின் உயர் ஷெரிப்பாக நியமிக்கப்பெற்றார். இங்கு ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். ஆங்கில அரசாங்கத் திருச்சபையினின்று விலகி நின்ற கூட்டத்தாருள் ஹோவர்டும் ஒருவர். அரசாங்கப் பதவி ஏற்போர் அச்சபையின் முறைப்படி நற்கருணை பெறுதல் வேண்டும் என்றும், பெறாது பதவி வகிப்போர் 500 பவுன் தண்டமும் வேறு இழப்புகளும் அடைவர் என்றும் 1673-இல் எழுந்த சட்டம் விதித்திருந்தது. மனச்சான்றுக்கு மாறாக அவ்வாறு செய்ய ஹோவர்டு இசைந்தாரில்லை, பதவியை மறுக்கவுமில்லை. வழக்குத் தொடர விரும்புவோர் தொடர்க என்று துணிந்து பதவியேற்றார். எவரும் தொடரவில்லை. சட்டத்தின் கண்ணிற் குற்றவாளியாகக் கூடிய நிலையிலிருந்து கொண்டே குற்றவாளிகளின் காவலைப் பார்வையிடச் சென்றார் என்பது வியத்தற்குரியது.

ஷெரிப் பதவி அந்நாளிற் பெரும்பாலும் அலங்காரப் பதவியாகவே கருதப்பட்டது. நீதிபதிகள் வரும்போது அணியுடை பூண்டு எதிர்கொள்வதும், விருந்தளிப்பதும், உடன் அமர்வதுமே அதன் தொழில். சிறைச்சாலை ஷெரிப்பின் பொறுப்பென ஏடுகள் கூறினும், அதனுள் நுழைந்து பார்க்கும் வழக்கம் இல்லை. ஹோவர்டு நுழைந்து பார்த்தார். அந்தப் பெட்போர்டுச் சிறைதான் முன்னொரு காலத்து ஜான் பனியன் என்னும் பெரியார், உரிமமின்றி மறையுரை நிகழ்த்தினார் என்ற குற்றத்திற்காக 1660 முதற் பன்னிரண்டாண்டுகள் அடைபட்டிருந்த சிறையாகும். பனியனது சிறைவாழ்வோடு பிணைந்த மோட்சப் பிரயாணக் கதையே, நம் நாட்டிற் கிருஷ்ணபிள்ளையவர்களால் 1894-இல் இரட்சணிய யாத்திரிகமாக மலர்ந்தது என்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.

அச்சிறையில் ஹோவர்டு கண்டது யாது? நீதிமன்றத்திற் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டோர் மீண்டும் சிறைக்கே இழுத்துச் செல்லப்பட்டனர். வழக்காடுவோர் வாராமையால் வழக்கொழிந்தோரும் அவ்வாறே கொண்டுபோகப்பட்டனர். காரணம், சிறைக்காவலனுக்குச் சம்பளம் இல்லை. கைதிகள் கொடுக்கும் கட்டணமே அவனுக்குப் பிழைப்பு. வெளியேறும் ஒவ்வொருவரும் காவலனுக்குப் பதினைந்து ஷில்லிங்கு நான்கு பென்னியும், கதவு திறப்போனுக்கு இரண்டு ஷில்லிங்கும் செலுத்துதல் வேண்டும். செலுத்த வகையற்றவன், நிரபராதியென நீதிமன்றமே கூறிய பின்னும், மாதக்கணக்காகப் பூட்டப்பட்டுக் கிடந்தான். நீதி தன் வாயால் விடுவித்தவனை வறுமை தன் கையால் விலங்கிட்டது.

ஹோவர்டின் உள்ளம் கொதித்தது. கட்டணத்தை ஒழித்துக் காவலனுக்கு ஜில்லா நிதியினின்று சம்பளம் கொடுக்கவேண்டுமென்று நீதிபதிகளிடம் முறையிட்டார். அவர்களும் அக்குறையை மறுத்தாரில்லை. ஆயினும் வேறெந்த ஜில்லாவிலேனும் இவ்வழக்கம் உண்டோ, முன்மாதிரி ஒன்று காட்டுக என்றனர். முன்மாதிரி தேடி ஹோவர்டு குதிரையேறினார். அண்டை ஜில்லாவுக்குச் சென்றார். அங்கும் அதே கொடுமை. அதற்கடுத்த ஜில்லாவுக்குச் சென்றார், அங்கும் அதுவே. ஒரு முன்மாதிரியைத் தேடிப் புறப்பட்டவர் இங்கிலாந்து முழுதும் சுற்றி, நூற்றுக்கணக்கான கொடுமைகளைக் கண்டு திரும்பினார். அன்று ஏறிய குதிரையினின்று அவர் சாகுமட்டும் இறங்கவில்லையென்றே கூறலாம்.

அக்காலச் சிறைகள்

அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தின் கடுமையை முதலில் அறிதல் வேண்டும். மரணதண்டனைக்குரிய குற்றங்கள் அந்நூற்றாண்டின் இறுதியில் இருநூற்றுக்கு மேற்பட்டிருந்தன. ஒருவன் மேனியிலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு மேற்பட்ட பொருளைக் களவாடினும், கடையிலிருந்து ஐந்து ஷில்லிங்குப் பொருளை மறைவில் எடுத்தாலும் தூக்குமரம் காத்திருந்தது. இத்துணைக் கடுமை இருந்தும் களவு ஒழிந்ததோ எனின், இல்லை. சிறைகளே களவின் கலாசாலைகளாக விளங்கின. முதன்முறை தவறிய சிறுவனும் பழந்திருடனும் ஒரே அறையில் அடைக்கப்பட்டனர். செய்வதற்கு வேலை இல்லை. காவலனே உள்ளே கள்ளும் சாராயமும் விற்றான். புதிதாக வந்தவனிடம் பழையோர் பணம் கேட்டனர், இல்லாவிடின் மேலாடையை உரிந்தனர். சிறு பிழைக்காகச் சென்றவன் பெருங்கள்வனாகித் திரும்பினான்.

காற்றைப் பற்றியும் கூறவேண்டும். சாளரங்களுக்கு வரி விதிக்கப்பட்டிருந்தமையால், அவ்வரியைத் தப்பக் காவலர் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். பிளிமத்து நகரச் சிறையில் ஓர் அறை பதினேழடி நீளம், எட்டடி அகலம், ஐந்தரை அடி உயரம் உடையது. நிமிர்ந்து நிற்றலும் அரிது. கதவில் வெட்டிய ஒரு சிறு துளையே காற்றுக்கும் ஒளிக்கும் வழி. ஹோவர்டு சென்றபோது அக்கதவு ஐந்து வாரங்களாகத் திறக்கப்படாதிருந்தது. உள்ளே கிடந்த வெளிறிய மனிதன், இதனினும் தூக்கிலிடப்படுதலே தனக்கு இனிதாயிருக்கும் எனக் கூறினான். நேர்ஸ்பரோவிற் கடனாளிகளை அடைக்கும் அறையினூடே திறந்த சாக்கடை ஓடிற்று. எலிகளுக்கு அஞ்சித் தன் நாயை உடன்கொண்டு புகுந்த ஒருவனது நாயை எலிகள் கொன்றன. அவன் முகமும் சிதைந்தது.

இத்தகைய இடங்களில் சிறைக்காய்ச்சல் என்னும் கொடுநோய் நிலைத்து வாழ்ந்தது. அது பேன்கள் வழியாகப் பரவும் டைபஸ் நோயே என்பதை இன்று நாம் அறிவோம். அந்நாளில் கெட்ட காற்றே காரணமென்று எண்ணினர். தூக்குமரத்தில் மாண்டோரினும் இக்காய்ச்சலால் மாண்டோரே மிகுதியென ஹோவர்டு கணக்கிட்டுக் காட்டினார். சிறைச்சுவர் இந்நோயைத் தடுத்து நிறுத்தவுமில்லை. 1577-இல் ஆக்ஸ்போர்டு நீதிமன்றத்திற் கைதிகளிடமிருந்து பரவி ஏறத்தாழ முந்நூறு பேரைக் கொன்றது. 1750-இல் லண்டன் நீதிமன்றத்தில் நகரத் தலைவரையும் நீதிபதிகளையும் உள்ளிட்டு ஐம்பதின்மருக்கு மேற்பட்டோரை வாரிச் சென்றது. கைதியின் துன்பம் தமக்குப் புறம்பானதென எண்ணியிருந்த உயர்ந்தோர் ஆசனத்தையும் அத்துன்பம் ஏறிப் பிடித்தது.

இவ்விடங்களுக்கெல்லாம் ஹோவர்டு தாமே நேரிற் சென்றார். காவலர் சிலர் அஞ்சி உள்ளே வர மறுத்தபோதும் அவர் தனியே புகுந்தார். கையில் அளவுகோல், பையில் குறிப்பேடு, முகர்வதற்குக் காடிக் குப்பி. அறையின் நீள அகலங்களை அளந்தார். நாளொன்றுக்கு எத்துணை ரொட்டி, அதன் நிறை யாது, குடிநீர் எங்கிருந்து வருகின்றது, நோயாளிக்கு மருத்துவன் உண்டோ, விலங்கை நீக்கக் காவலன் பெறும் தொகை யாது என ஒவ்வொன்றையும் எழுதிக் கொண்டார். அவரது உடையிற் படிந்த நாற்றம் காரணமாக மூடிய வண்டியிற் செல்ல இயலாது குதிரைமேலேயே சென்றார். குறிப்பேட்டின் தாள்களையும் தீயருகே காயவைத்த பின்னரே விரிக்க முடிந்தது.

சட்டமும் நூலும்

1774-இல் அவர் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் முன் வரவழைக்கப்பட்டுத் தாம் கண்டவற்றை உரைத்தார். மக்கள் சபையினர் அவரை அழைத்து நன்றி கூறினர். அவ்வாண்டிலேயே இரு சட்டங்கள் நிறைவேறின. விடுதலை பெற்றோரிடம் கட்டணம் வாங்குதலை ஒன்று ஒழித்தது; சிறைச்சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுதல், காற்றோட்டம் அமைத்தல், நோயாளிகட்குத் தனியறை வகுத்தல் முதலியவற்றை மற்றொன்று விதித்தது. ஹோவர்டு அச்சட்டங்களைத் தம் செலவில் அச்சிட்டு நாட்டின் சிறைகளுக்கெல்லாம் அனுப்பினார். அவ்வாண்டுத் தேர்தலில் பெட்போர்டுத் தொகுதிக்கு நின்று, மிகச் சில வாக்குகளில் தோற்றார். வென்றிருப்பின் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கூடியிருப்பார். சிறைவாசிகள் தம் தோழரை இழந்திருப்பர்.

சட்டம் பிறந்துவிட்டது, இனி வீடு திரும்பலாமென எண்ணுதல் பலருக்கு இயல்பு. ஹோவர்டோ மீண்டும் அதே சிறைகளுக்குச் சென்றார். பல இடங்களிற் சுவர்கள் வெள்ளை காணவில்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கடமைப்பட்ட அதிகாரிகளே அதனைப் பொருட்படுத்தாதிருந்தனர். ஒரு ரொட்டிக்காகச் சட்டத்தை மீறியவன் உள்ளே கிடக்க, சோம்பலினாற் சட்டத்தை மீறியவர் வெளியே பெருமையுடன் உலவினர். எழுதிய சட்டம் தானே நடவாது, அதன் பின்னே ஒருவர் நடக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்தார், நடந்தார்.

1777-இல், இங்கிலாந்து வேல்ஸ் நாடுகளின் சிறைகளது நிலையைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. வாரிங்டன் என்னும் ஊரிற் குளிர்காலத்தே தங்கித் தாமே அச்சுவேலையை மேற்பார்த்தார். மொழிநடையைத் திருத்தக் கற்றறிந்த நண்பர்கள் துணைபுரிந்தனர். ஏழை எளியோரும் வாங்கும் வண்ணம் நட்டத்திற்கே விலை குறித்தார். அந்நூலில் அணிநயம் இல்லை. கண்ணீர் வருவிக்கும் சொற்பெருக்கும் இல்லை. ஒவ்வொரு சிறையின் பெயரும், கைதிகளின் தொகையும், உணவின் அளவும், அறையின் பரப்புமே உள. அவ்வெண்களே படிப்போர் நெஞ்சைச் சுட்டன. 1776-இல் அவர் எண்ணிய கைதிகள் 4,084 பேர். அவருள் கடனாளிகள் 2,437, பெருங்குற்றம் சாட்டப்பட்டோர் 994, சிறுகுற்றத்தோர் 653. பாதிக்கு மேற்பட்டோர் எவரையும் அடித்தவரல்லர், எதையும் திருடியவரல்லர். கொடுக்கவேண்டிய கடனைக் கொடுக்கமாட்டாத வறியர். அடைபட்ட பின் உழைத்துக் கடன் தீர்க்கும் வழியும் அவர்களுக்கு அடைபட்டது.

அயல்நாட்டுச் செலவு

குறை கூறுவதோடு அமையாது, நல்வழி எங்கேனும் உண்டோவெனத் தேடி அவர் ஐரோப்பா முழுதும் உழன்றார். பாரிஸ் நகரச் சிறைகளின் வாயில் அவருக்கு மூடப்பட்டது. கைதிகளுக்குத் தம் கையால் தருமம் வழங்க விரும்புவோரை உள்ளே விடவேண்டுமென 1717-ஆம் ஆண்டு ஆணையொன்று கூறுவதைத் தேடிக் கண்டு, அதனைக் காட்டி உள்ளே புகுந்தார். மறந்துபோன ஒரு சட்டவாசகம் பூட்டைத் திறந்தது. பாஸ்டீல் கோட்டையில் மட்டும் அவ்வுபாயம் பலிக்கவில்லை. காவலரைத் தாண்டி முற்றம்வரை சென்றவரைத் தடுத்துத் திருப்பினர்.

ஹாலந்து நாட்டிலே அவர் மனம் குளிர்ந்தது. ஆங்கே கைதிகள் மரம் அராவியும் நூல் நூற்றும் உழைத்தனர், அறைகள் தூயனவாயிருந்தன, தூக்குத்தண்டனை அரிதாயிருந்தது. உழைப்பாளியாக்கினால் நல்லவனாவான் என்னும் கொள்கை அங்கு நடைமுறையில் இருந்தது. பிளாண்டர்சு நாட்டுக் கெண்டு நகரத்துப் பெருஞ்சிறையும் அவ்வாறே சிறந்து, கைதிகள் ஒழுங்காக நெசவு செய்யக் கண்டு மகிழ்ந்தார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்றபோது தறிகள் அகற்றப்பட்டிருந்தன. சிறைத்துணி தம் வாணிகத்தைக் கெடுக்கின்றதென வணிகர் சிலர் முறையிட்டனராம், அரசும் இணங்கிவிட்டது. வேலை ஒழியவே ஒழுங்கும் ஒழிந்தது. கைதியின் நலத்தைப் பேசுவோர் ஒருவருமில்லாத அவையில் அவனது நலம் எளிதில் விலைபோகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1781-இல் ருஷ்ய நாடு சென்றார். அரசியின் வரவேற்பைத் தவிர்க்கத் தலைநகருள் கால்நடையாகவே புகுந்தார் என்பர். பெரும்பாலான குற்றங்களுக்கு மரணதண்டனை இல்லையென அந்நாடு பெருமை பாராட்டிக் கொண்டிருந்தது. ஹோவர்டு அங்குக் குற்றவாளிகள் கொடுஞ்சவுக்கால் அடிக்கப்படுதலைக் கண்டார். அடிக்கும் தொழிலாளனையே தேடிச் சென்று வினவி, உயிர்போகும்படி அடிப்பதற்கும் வகையுண்டு என்னும் உண்மையை வெளிக்கொணர்ந்தார். சொல்லளவில் ஒழிந்த கொலைத்தண்டனை செயலளவில் வாழ்ந்தது. 1786-இல் வியன்னா நகரத்துப் பேரரசர் இரண்டாம் ஜோசப்பு அவரை அழைத்து உரையாடியபோது, அப்பேரரசரின் சிறைகளிலும் மருத்துவசாலைகளிலும் உள்ள குறைகளை முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார்.

இதனிடையே ஆங்கில நாட்டில் மற்றொரு சிக்கல் எழுந்தது. குற்றவாளிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கப்பலேற்றும் வழக்கம் அங்கு மூண்ட போரினால் 1775-இல் நின்றது. தேம்ஸ் நதியிற் பழங்கப்பல்களை நிறுத்தி அவற்றிலே கைதிகளை அடைத்தனர். இதற்கு மாற்றாக, இரவில் தனியறையும் பகலில் உழைப்பும் மறைப்போதனையும் உடைய திருத்தச்சாலைகள் அமைக்க 1779-இற் சட்டம் பிறந்தது. பிளாக்ஸ்டன் என்னும் சட்டப் பேரறிஞரும் அதன் ஆக்கத்திற் பங்குகொண்டார். கட்டடத்தை மேற்பார்க்கும் மூவருள் ஹோவர்டு ஒருவர். எவ்விடத்திற் கட்டுவதென்பதிலேயே மூவரும் உடன்படாராய்க் காலம் கழிய, அவர் 1781-இல் விலகிக் கொண்டார். மேசையருகிருந்து வாதாடும் திறம் அவருக்கு இல்லை. எனினும் காவலர் சிறையினுள் மது விற்றலைத் தடுக்கும் சட்டம் 1784-இல் வந்தபோது, அவரது உழைப்பு வீண்போகவில்லை என்பது விளங்கிற்று.

தந்தையும் மகனும்

பெரியோர் வரலாறு கூறுவோர் அவரது குறைகளை மறைத்தல் முறையன்று. தாயிழந்த தம் ஒரே மகனைச் சிறுவயதிலேயே பள்ளிகளில் விட்டு, ஹோவர்டு ஆண்டில் பெரும்பகுதி அயலூர்களிற் கழித்தார். இல்லத்திலிருந்த காலத்தும் அன்பினும் கண்டிப்பே மிகுதி என்று சிலர் பழித்தனர். அவருடைய நண்பர் அதனை மறுத்தனர். எங்ஙனமாயினும், அம்மைந்தன் தீய வழிகளிற் சென்று, இறுதியிற் சித்தம் கலங்கினான். 1786-இல் ஹோவர்டு கொள்ளைநோயைத் தடுக்கும் முறைகளை ஆராயத் துருக்கி நாட்டு ஸ்மிர்னா துறைமுகத்தினின்று, நோய்க்கறை படிந்ததென அறிக்கை பெற்ற கப்பலை வேண்டுமென்றே தெரிந்து ஏறினார். அதனால் வெனிஸ் நகரத்து நோய் ஒதுக்கிடத்தில் நாற்பது நாட்களுக்கு மேல் அடைபட்டிருந்தார். ஆங்கே அவருக்கு இரு செய்திகள் எட்டின. ஒன்று, தமக்குச் சிலை நிறுவ நாட்டார் பொருள் திரட்டுகின்றனர் என்பது. மற்றொன்று, மகனது நிலை கேடுற்றது என்பது. சிலைமுயற்சி தமக்குத் துன்பமே விளைப்பதென எழுதி அதனை நிறுத்தினார். மகனை மீட்கவோ எவராலும் இயலவில்லை. அவன் காவலில் வைக்கப்பட்டு, 1799-இற் பித்தர் காப்பகத்திலேயே இறந்தான்.

ஊரார் மக்களுக்கெல்லாம் கதவு திறந்தவர் தம் மகனைக் கதவடைத்துக் காக்க நேர்ந்தது. இதனை நினைக்குந்தோறும் நெஞ்சம் கனக்கின்றது. அவரைப் பழிக்க நமக்கு வாய் எழவில்லை. வீட்டுக்கும் உலகுக்கும் ஒருங்கே கடன்பட்ட மனிதன் எதனைக் குறைப்பது என்னும் வினாவுக்கு விடைகூறவும் அறிவு எழவில்லை.

இறுதிச் செலவு

1789-இல் ஐரோப்பிய நோய் ஒதுக்கிடங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே மீண்டும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். ருஷ்யரும் துருக்கரும் போர்புரிந்த காலம் அது. இன்று உக்ரேன் நாட்டில் அடங்கிய கெர்சான் நகரத்துப் போர்வீரர் மருத்துவசாலைகளில் இளைஞர் ஈக்கள்போல் மடிதலைக் கண்டு அங்கேயே தங்கினார். காய்ச்சலுற்ற ஓர் இளமங்கையைப் பார்க்கும்படி அழைப்பு வர, கடுங்குளிரில் நெடுந்தூரம் குதிரைமேற் சென்றார். அந்நோய் அவரையும் பற்றியது. 1790-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், அறுபத்து மூன்றாம் வயதில், தாய்நாட்டுக்கு நெடுந்தொலைவிலே உயிர் நீத்தார். ஆரவாரமின்றிப் புதைத்துக் கல்லறைமேல் ஒரு சூரிய கடிகாரத்தை மட்டும் வைத்துத் தம்மை மறந்துவிடும்படி அவர் வேண்டிக் கொண்டிருந்தார். அவ்வேண்டுகோளை உலகம் ஏற்கவில்லை. லண்டன் தூய பவுல் பேராலயத்தில் முதன்முதல் நிறுவப்பெற்ற நினைவுச்சிலை அவருடையதே. அச்சிலையின் கையில் உள்ளது வாளன்று, செங்கோலன்று, ஒரு திறவுகோல்.

பதினேழு ஆண்டுகளில் அவர் நாற்பதினாயிரம் மைலுக்கு மேற் பயணம் செய்தாரென்றும், முப்பதினாயிரம் பவுன் அளவு தம் கைப்பொருளைச் செலவிட்டாரென்றும் கணக்கிடுவர். மாமிசமும் மதுவும் நீக்கி, ரொட்டியும் பாலும் கனியும் தேநீரும் உண்டே இத்துணை உழைப்பையும் ஆற்றினார். அவருக்குப் பின்னர் எலிசபெத்து பிரை அம்மையார் 1813-இல் நியூகேட்டுச் சிறையிற் புகுந்து பெண்கைதிகளைப் பேணத் தொடங்கினார். சிறுகளவுக்குத் தூக்கு என்னும் கொடுமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் படிப்படியாக நீங்கிற்று. கடனுக்காகச் சிறையிடும் வழக்கம் இங்கிலாந்தில் 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரும்பாலும் ஒழிந்தது. அவர் பெயரால் 1866-இல் தோன்றிய சங்கம் 1921-இல் மற்றொரு சங்கத்துடன் இணைந்து தண்டனைச் சீர்திருத்தத்துக்கு உழைத்து வந்துளது.

அவர் விதைத்ததில் ஒரு முள்ளும் முளைத்தது. தீயோர் கூட்டுறவினின்று காக்க, இரவில் தனியறை என்று அவர் கூறியதைப் பின்வந்தோர் இரவும் பகலும் தனிச்சிறை என மிகைப்படுத்தினர். 1842-இல் திறக்கப்பெற்ற பெண்டன்வில் போன்ற சிறைகளில் மனிதக்குரல் கேளாது பலர் மதிகலங்கினர். நன்மையும் அளவிறந்தால் கொடுமையாம் என்பதற்கும், சீர்திருத்தத்தையும் இடைவிடாது கண்காணித்தல் வேண்டும் என்பதற்கும் இது சான்று.

மாணவ நண்பர்களே! குற்றத்தை ஹோவர்டு சிறிதென்று கருதினாரில்லை. குற்றவாளிகள் யாவரையும் விடுவிக்கவேண்டுமென்றும் அவர் கூறவில்லை. தண்டனை தீர்ப்பிற் சொல்லப்பட்ட அளவே இருத்தல் வேண்டும், நோயும் பசியும் இழிவும் அதனோடு எழுதாத் தண்டனைகளாகச் சேர்தல் ஆகாது என்பதே அவர் நாட்டியது. கைதியைக் காணச் சென்றவன் தம்மையே கண்டவனாவான் என்று நம் பெருமான் அருளியதை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஹோவர்டு அதனைக் கேட்டுக் குதிரைக்குச் சேணமிட்டார். நம்முள் சிலர் நாளை வழக்கறிஞராகலாம், சிலர் நீதிபதிகளாகலாம், சிலர் அதிகாரிகளாகலாம். நாம் ஒப்பமிடும் தாளொன்றினால் மூடப்படும் கதவின் மறுபுறம் எவ்வாறிருக்கின்றது என்பதை ஒருமுறையேனும் நேரிற் சென்று பார்ப்போமாக. தம்மை மறந்துவிடுக என்ற அப்பெரியாருக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.